ஈ நாட்டுக்கு ஒரு வசந்தகாலப் பயணம்

நீர் வழங்கல் வாரியத்தின் ஆண்டு விழாவில் அந்தப் பரிசை அறிவித்தபோது, பரிசுக்குரியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நாற்காலிக்கடியில் போய்விட்ட செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் விலாவில் இடித்து, “வால்வு, உன்னத்தான்யா கூப்பிடறாங்க” என்றார். ஒரு காலில் செருப்போடும் மறு காலில் செருப்பில்லாமலும் அவர் மேடை ஏறினார்.

வால்வு என்பது பம்ப் அறையில் அவருக்கு வைத்த பெயர். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அங்கேயேதான் வேலை. போன மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு பம்ப் அறைக்குள் புகுந்தபோது, மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, நகரத்துக்குக் குடிதண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டார். உண்மையில் கதவு தண்ணீரில் ஊறி இறுகிவிட்டிருந்தது. அவரால் வெளியே வர முடியவில்லை. வர முடியாதவர் சும்மா நிற்பானேன் என்று வேலையைப் பார்த்தார், அவ்வளவுதான். இதை அவர் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். வாரியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கதவைச் சரிசெய்து தரச் சொல்லி வெள்ளத்துக்கு முன்னால் அவர் கெஞ்சியதையும் வாரியம் காதில் போட்டுக்கொண்டதில்லை.

வாரியத் தலைவர் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. “இந்த வாரியம் தன் ஊழியரை மறக்காது. இவருக்கு இந்த வசந்தகாலத்தில் மனைவியோடு ஒரு வெளிநாட்டுப் பயணம்! எந்த நாடு? அதை நான் சொல்ல மாட்டேன். அவரே தேர்ந்தெடுப்பார். உலகமே அவர் முன்னால் விரிந்து கிடக்கிறது!”

“என் பொண்ணு இருக்கிற ஊருக்குப் போறோங்க” என்றார் வால்வு, யோசிக்காமல். “அவ முழுகாம இருக்கா. வசந்தத்துலதான் பிரசவம். கூட இருக்கறதுக்கு அங்க ஆள் இல்ல.”

கூட்டம் கைதட்டியது. தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. உரையின் மிச்சத்தில், தேர்ந்தெடுப்பதன் சிரமங்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த பகுதி இதனால் வீணாகிவிட்டது. வாரியச் செயலர், ஒல்லியான மனிதர், வால்வின் காதருகே வந்தார்.

“இப்படிப் பட்டுனு சொல்லிடக்கூடாதுங்க. முறையா தேர்ந்தெடுக்கணும்.”

“அதான் தேர்ந்தெடுத்துட்டேனே?”

“நீங்க தேர்ந்தெடுக்கறதுக்குன்னு ஒரு குழு இருக்குங்க.”

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி நம்பவில்லை. அவர் தெருமுனையில் ஒரு தையல்கடை வைத்திருந்தார். பள்ளிச் சீருடைதான் பெரும்பாலும். வாயில் குண்டூசிகளைக் கடித்தபடியே, “விளையாடாதீங்க” என்றார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவைத்துவிட்டு, மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதார். மறுநாளே இருவரின் பாஸ்போர்ட்டையும் செயலர் வாங்கி வைத்துக்கொண்டார். பாதுகாப்புக்காக என்று சொன்னார்.

பயண நாடு தேர்வுக் குழு தலைமை அலுவலகத்தின் மேல்மாடியில் கூடியது. நீள மேசை, மூடி போட்ட கண்ணாடித் தம்ளர்கள், சுவர் நிறைய உலகப் படம். நகரத்துக்கே தண்ணீர் கொடுக்கும் வாரியத்தின் கட்டடத்தில் எங்கேயோ குழாய் கசிந்து அந்தச் சுவர் ஈரம் கண்டிருந்ததால், அதை மறைக்கத்தான் படத்தை மாட்டியிருந்தார்கள். ஈரம் படத்திலும் ஏறி, சில நாடுகள் உப்பியிருந்தன.

தலைவர், செயலர், மக்கள் தொடர்பு அதிகாரி, இவர்களோடு தலைவரின் மனைவியும் குழுவில் இருந்தார். பயணத்தில் ஊழியரின் மனைவியும் போவதால், ஒரு மனைவியின் கண்ணோட்டம் தேவை என்று சேர்த்திருந்தார்கள்.

“அப்போ என் சம்சாரத்தையே கூப்பிட்டிருக்கலாமேங்க?” என்று கேட்டார் வால்வு.

“அவங்க பயனாளி” என்றார் செயலர். “பயனாளி குழுவுல இருந்தா முறைகேடு ஆயிடும்.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “ஒரே ஒரு நாட்டுப் பேரைச் சொன்னா அதுக்குப் பேரு தேர்வு இல்லைங்க, பிடிவாதம். அஞ்சு நாடாவது இருக்கணும். அப்பத்தான் நாலை ஒதுக்க முடியும். ஒதுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னா குழு எதுக்கு?”

கடைசிக் கேள்விக்கு வால்வுக்கு ஒரு பதில் தெரிந்திருந்தது. சபை நாகரிகம் கருதி விழுங்கிக்கொண்டார்.

போக விரும்பாத நான்கு நாடுகளை அவர் சொல்ல வேண்டியதாயிற்று. முடிவாவதற்கு முன்னால் நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் சார்பு வந்துவிடும் என்று மக்கள் தொடர்பு அதிகாரி எச்சரித்தார். அதனால் அவை அ நாடு, ஆ நாடு, இ நாடு, ஈ நாடு, உ நாடு ஆயின. மகள் இருந்தது ஈ நாட்டில்.

“என் பொண்ணு ஈ நாட்டுலயா இருக்கா?” என்றார் மனைவி, இரவுச் சாப்பாட்டின்போது. “நாம என்ன கொசு நாடா?”

இரண்டாவது கூட்டத்தில் சிக்கல் முற்றியது. ஈ நாட்டில் வால்வுக்கு மகள் இருப்பதைச் செயலர் இப்போதுதான் தெரிந்துகொண்டவர்போல எடுத்து வைத்தார்.

“உங்களுக்கு அந்த நாட்டு மேல சொந்த ஆர்வம் இருக்குங்க. சொந்த ஆர்வம் இருக்கிற ஆளு எப்படி நடுநிலையா சுற்றுலா போக முடியும்? அங்க இருக்கிற கோட்டை, ஏரி, பூந்தோட்டம் எல்லாத்தையும் விட்டுட்டு நேரா மக வீட்டுக்குத்தான் போவீங்க.”

“ஆமாங்க, அதுக்குத்தான் போறோம்.”

“பாத்தீங்களா!” என்றார் செயலர் மற்றவர்களைப் பார்த்து. குற்றவாளி தானாக ஒப்புக்கொண்டுவிட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி.

அன்று மாலை மனைவிதான் வழி சொன்னார். “நீங்க ஒரு வெள்ளந்தி. ஆசைப்பட்டாத்தானே குடுக்க மாட்டேங்கறாங்க? அந்த நாடே பிடிக்காதுன்னு சொல்லிடுங்க.”

அடுத்த கூட்டத்தில் வால்வு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். “ஈ நாடு எனக்கு ஆகவே ஆகாதுங்க. குளிரு. சாப்பாட்டுல உப்பு கிடையாது. என் பொண்ணுகூட எதுக்கு அங்க போனான்னு தெரியல.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் தழுதழுத்தது. “தன் உயிரைக் கொடுத்து நகரத்தைக் காப்பாத்தின ஒரு மனுஷனை, பிடிக்காத நாட்டுக்கு அனுப்பற பாவத்தை நாம செய்யலாமா? நாம அரக்கர்களா?” தலைவரின் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஈ நாட்டை நீக்கிவிடலாம் என்று மக்கள் தொடர்பு அதிகாரி முன்மொழிந்தார். வால்வு பதறி எழுந்து, பிடிக்கும், பிடிக்காது இரண்டும் இல்லை, தனக்கு எந்த நாட்டைப் பற்றியும் எந்த எண்ணமும் கிடையாது என்று கைகூப்பிச் சொன்னார். குழு அதை மிகவும் பாராட்டியது. இப்படிப்பட்ட மனநிலைதான் தாங்கள் எதிர்பார்த்தது என்றார்கள்.

இதற்குள் குளிர்காலம் பாதி போய்விட்டது. மகளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு இரவு வேலை. “எப்பம்மா வர்றீங்க?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் மனைவி, “இதோ, நாட்டைத் தேர்ந்தெடுத்துட்டே இருக்காங்க” என்பார். மகள் சிரிப்பாள். கொஞ்ச நாளில் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு விமானப் பழக்கம் வந்தது. வாரியத்தின் சார்பில் போகிறவர்கள் விமானத்தில் வாரியத்தின் மானத்தை வாங்கிவிடக் கூடாது என்பதால், கூட்ட அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒத்திகை நடத்தினார்கள். மனைவி கடையைப் பூட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. இருக்கைப் பட்டைக்குப் பதிலாக இடுப்பில் ஆளுக்கொரு கோப்பு கட்டும் நாடா. மக்கள் தொடர்பு அதிகாரி நடுவே நடந்து, அவசர வழி எது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய திசையில் அலமாரி இருந்தது. மேகங்களுக்குள் போகிறோம் என்று அறிவித்துவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார். இருவரும் நாடாவோடு மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

“எப்பங்க இறங்குவோம்?” என்று கேட்டார் மனைவி, அவர் திரும்பி வந்ததும்.

“பயணி பொறுமையில்லாதவர்” என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

அடுத்த தடை வசந்தமே. பரிசு வசந்தகாலப் பயணம். ஆகவே போகும் நாட்டில் வசந்தம் வந்திருக்க வேண்டும். அதை யார் உறுதி செய்வது? நாட்காட்டியை நம்ப முடியாது என்றார் தலைவர். நாட்காட்டி வேறு துறை அச்சடிப்பது. குழுவே நேரில் போய்ப் பார்ப்பதுதான் நேர்மை.

குழு அ நாட்டுக்குப் போனது. பனி இருந்தது, பனிச்சறுக்கும் இருந்தது, வசந்தம் இல்லை. ஆ நாட்டுக்குப் போனது. கடற்கரையில் தீவிரமாக ஆராய்ந்ததில் தலைவரின் மூக்குத் தோல் உரிந்தது. இ நாட்டில் வசந்தம் இருந்ததுபோலத் தோன்றியது, ஆனால் தலைவரின் மனைவிக்கு அங்கே கடைகள் திருப்தியாக இல்லை. உ நாட்டுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது; முதல் முறை மழை. ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் செயலர் பம்ப் அறைக்கே ஆள் அனுப்பி, “உங்களுக்காகத்தான் இப்படி அலையறோம். உடம்பெல்லாம் வலி” என்று சொல்லச் சொன்னார். வால்வு வெட்கப்பட்டார். தன்னால் நான்கு பேருக்கு இவ்வளவு சிரமம்.

“நீங்க வெட்கப்படுங்க” என்றார் மனைவி. “அவங்களுக்கும் சேர்த்து.”

கடைசியில் ஈ நாட்டின் முறை வந்தது. செயலரே வால்வை நேரில் கூப்பிட்டு, முகம் மலர்ந்து, மகளின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்டார். வால்வுக்குத் தலைகால் புரியவில்லை. விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார். மனைவி குழந்தைக்கென்று தைத்து வைத்திருந்த சட்டைகளையெல்லாம் பெட்டியில் அடுக்கி, பெட்டியை வாசலருகே கொண்டுவந்து வைத்தார்.

குழந்தை பிறந்த செய்தி அந்தப் பெட்டி வாசலில் இருக்கும்போதே வந்தது. பெண் குழந்தை. சுகப்பிரசவம். மருத்துவமனையில் மகளுக்குப் பக்கத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி இருந்தாளாம். மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அன்று கடை திறக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு பகல் வேளையில் மகளிடமிருந்து வால்வுக்கு அழைப்பு வந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“பம்ப் அறையிலம்மா! புள்ள எப்படி இருக்கு?”

“பம்ப் அறையிலயா?” அவள் குரல் உடைந்தது. “உங்க ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்கப்பா. நாலு பேரு. பரிசுப் பயணத்துக்கு வர்றோம்னு போன்ல சொன்னாங்க. நான் நீங்களும் அம்மாவும்னு நினைச்சேன். சமைச்செல்லாம் வச்சிருந்தேன். கதவைத் திறந்தா இவங்க மட்டும் நிக்கறாங்க. எங்கன்னு கேட்டா, நீங்க அடுத்த கட்டமாம். அப்படின்னா என்னப்பா?”

வால்வு பம்பை நிறுத்தினார். அவர் வேலைக்காலத்தில் காரணமில்லாமல் பம்பை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. வெள்ளத்தில்கூட நிறுத்தாதவர்.

“இப்ப என்ன பண்றாங்க?”

“சாப்பிட்டுட்டு இருக்காங்க” என்றாள் மகள்.

குழு திரும்பியதும் தலைமை அலுவலக அரங்கில் ஒரு அனுபவப் பகிர்வு விழா நடந்தது. எல்லா ஊழியர்களும் வர வேண்டும் என்று உத்தரவு. பின்னாலிருந்த கூடத்தில் விருந்து ஏற்பாடாகியிருந்தது. வால்வையும் மனைவியையும் முன் வரிசையில், மாலை போடாத குறையாக, உட்கார வைத்தார்கள். நன்றியுரை அவருடையது.

விளக்குகளை அணைத்தார்கள். திரையில் கோட்டை வந்தது, கோட்டைக்கு முன்னால் தலைவர். ஏரி வந்தது, ஏரியை மறைத்துக்கொண்டு தலைவர். பூந்தோட்டம் வந்தது, பூக்களைச் செயலர் விரலால் சுட்டிக்காட்டி உறுதி செய்துகொண்டிருந்தார். பிறகு ஒரு சின்ன வீட்டின் கூடம். சோபாவின் நடுவில் தலைவர். அவர் மடியில் ஒரு வெள்ளைத் துணிச்சுருள், அதற்குள் ஒரு சிவந்த முகம், மூடிய கண்கள். தலைவருக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், மகள் நின்றிருந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

வால்வும் மனைவியும் தங்கள் பேத்தியை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

“இந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன்” என்றார் தலைவர் ஒலிபெருக்கியில். “இந்தக் குழந்தையைக் கையில் ஏந்தியபோது எனக்கு ஒன்று தோன்றியது. தாத்தா பாட்டி வந்திருந்தால்கூட இவ்வளவு பயன் விளைந்திருக்காது. அவர்கள் வெறும் பாசத்தில் தூக்கியிருப்பார்கள். நாங்கள் பொறுப்போடு தூக்கினோம். ஒரு ஊழியரின் பேத்தியை அவருக்கு முன்னால் போய்ப் பார்க்கும் வாரியம் உலகத்தில் வேறு உண்டா? ஈ நாட்டில் வசந்தம் இருப்பதை உறுதி செய்துவிட்டோம். துரதிர்ஷ்டவசமாக, நாங்கள் உறுதி செய்து முடிப்பதற்குள் வசந்தம் முடிந்துவிட்டது. கவலை வேண்டாம். அடுத்த வசந்தத்துக்கு முன்னால் மறுபடியும் போய்ப் பார்ப்போம். நாங்கள் சிரமத்துக்கு அஞ்சுபவர்கள் அல்ல!”

மனைவி எழுந்தார். படியேறி மேடைக்குப் போய்த் தலைவருக்கு எதிரில் நின்றார்.

“புள்ளையக் குடுங்க” என்றார்.

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “அம்மா, அது படம்மா.”

“எனக்குத் தெரியும். என் பேத்தி இங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். அவ இருக்கிற இடத்துக்கு நான் போயிக்கறேன். என் பாஸ்போர்ட்டைக் குடுங்க.”

இதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு மக்கள் தொடர்பு அதிகாரி கைதட்டத் தொடங்கினார். அவர் மட்டும்தான் தட்டினார். பாதியில் நிறுத்தி, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பார்த்தார்.

“அதுக்கெல்லாம் ஒரு நடைமுறை இருக்கும்மா” என்றார் செயலர். “திரும்பக் குடுக்கறதுக்கு ஒரு குழு...”

அப்போதுதான் வால்வும் மேடைக்கு வந்தார். நன்றியுரை சொல்லப்போகிறார் என்று நினைத்து ஒலிபெருக்கியை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு மேடையில் பேசி வராது. “நாங்க வெறும் பாசத்துலதாங்க தூக்குவோம்” என்றார். “எங்களுக்கு வேற மாதிரி தூக்கத் தெரியாது. பாஸ்போர்ட்டைக் குடுத்துடுங்க.” ஒலிபெருக்கியைப் பிடித்தபடியே நின்றார்.

பின்வரிசையில் பம்ப் அறைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கூச்சல் போடவில்லை. விருந்துக் கூடத்துக்குப் போகும் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். உணவின் மணம் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. தலைவர் ஒருமுறை கதவைப் பார்த்தார், ஒருமுறை தன் மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி, “எல்லாம் ஆறிப்போவுதுங்க” என்றார். மனைவியின் கண்ணோட்டம் முதன்முறையாகக் குழுவுக்குப் பயன்பட்டது.

தலைவர் கண் காட்டியதும் செயலர் திறந்த இரும்பலமாரியில் பாஸ்போர்ட்டுகள் இல்லை. தேடிப் பார்த்ததில், அவர் அறையில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் ஒரு காலுக்கடியில் இருந்தன. மேசை இப்போது ஆடுவதில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். மனைவியின் படத்தில் நெற்றிக்கு நடுவே மேசைக்கால் பதிந்த பள்ளம். பாஸ்போர்ட்டை முந்தானை முனையால் துடைத்து, கைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இருவரும் படியிறங்கினார்கள். விருந்து சாப்பிடவில்லை.

தையல்கடையிலிருந்த இரண்டு இயந்திரங்களில் நல்லதை மனைவி விற்றார். வால்வு விடுப்பு கேட்டார். ஈ நாட்டுக்கு விடுப்பு வசந்தத்தில் மட்டுமே என்று பதில் வந்தது. பம்ப் அறைச் சாவியை உடன் வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே இலையுதிர்காலம். கோட்டைக்கும் ஏரிக்கும் அவர்கள் போகவில்லை. மரங்களில் ஒரு பூவும் கிடையாது. மகள் வாசலில் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் குழந்தையை அப்பா கையில் கொடுத்துவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். குழந்தை வால்வின் மீசையைப் பிடித்து இழுத்தது. வலித்தது. அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் கழித்து வாரியத்திடமிருந்து பதிவுத்தபால் வந்தது. முகவரிதான் அவர்களுக்குத் தெரியுமே. தடித்த, வழவழப்பான காகிதம். வால்வு கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். குழு தேர்ந்தெடுக்காத நாட்டுக்கு, வசந்தமல்லாத காலத்தில், சொந்த ஆர்வத்தின் பேரில் சென்றது ஏன் என்று உடனடியாக விளக்கமளிக்க வேண்டும். தவறினால் வேலையைப் பற்றி முடிவெடுக்க ஒரு குழு அமைக்கப்படும். மேலும், ஆய்வின்போது தலைவர் அந்த வீட்டில் மறந்து வைத்துவிட்ட தொப்பியை, திரும்பும்போது கசங்காமல் கொண்டுவர வேண்டும்.

“என்னம்மா பண்றது?” என்றார் வால்வு. அவருக்கு நிஜமாகவே பயம். “என்ன பதில் எழுதறது?”

மனைவி குழந்தையின் தோளிலிருந்து முழங்கால்வரை விரலால் சாண் போட்டுக்கொண்டிருந்தார். கொண்டுவந்த சட்டைகளெல்லாம் சிறிதாகிவிட்டன. குழந்தை காத்திருக்கவில்லை, வளர்ந்துவிட்டது. புதிதாகத் தைக்க வேண்டும். அளவு வெட்டிப் பார்க்கத் தாள் வேண்டும்.

“அதை இங்க குடுங்க” என்றார்.

வாங்கி, விரல்களால் தடவிப் பார்த்தார். “நல்ல தாள்தான்” என்றார். நடுவில் மடித்தார், மகளின் சமையலறைக் கத்தரியை எடுத்தார், பென்சிலால் தோள், கை, இடுப்பு என்று கோடிழுத்தார். கழுத்து வர வேண்டிய இடத்தில் தலைவரின் கையெழுத்து இருந்தது. அங்கிருந்தே வெட்டத் தொடங்கினார்.